பசுமைக் கடன் பத்திரங்களும் அக்காவின் வண்டிப்பாதையும்

விழுப்புரம் மாவட்டத்தில் பசுமைக் கடன் பத்திரங்களைப் பற்றித் தெரிந்தவர்களை எல்லாம் ஒரே ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிடலாம். ஏற்றினால் நான் மட்டும் உட்கார்ந்திருப்பேன். இதை இப்போது பெருமையாகச் சொல்லவில்லை. ஆனால் பல வருடங்கள் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எனக்கு விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் வணிகவியல் வாத்தியார் வேலை. வீடு திண்டிவனத்தில். தினமும் பஸ்ஸில் போய் வர வேண்டும். ஜன்னலோர இடம் கிடைத்தால் லேப்டாப்பை மடியில் விரித்துவிடுவேன். நம் நாட்டில் எந்த வருடம் யார் யார் எவ்வளவு பசுமைக் கடன் பத்திரம் வெளியிட்டார்கள் என்று கிராஃபில் கோடு போடுவதுதான் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை, நானாக இழுத்துப் போட்டுக்கொண்டது. விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டி நிற்கும்போது ஒருநாள் பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்தார்.

“ஷேரா சார்? எது ஏறும், சொல்லுங்க.”

“ஷேர் இல்லீங்க. பசுமைக் கடன் பத்திரம்.”

“நீங்க எவ்ளோ போட்டிருக்கறீங்க?”

“நான் எதுவும் போடலீங்க.”

“அப்புறம் இன்னாத்துக்கு இப்பிடி கண்ண கெடுத்துக்கினு பாக்கறீங்க?”

நான் சிரித்து மழுப்பினேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

விஷயம் ரொம்பச் சிக்கலானதில்லை. ஒரு கம்பெனியோ அரசாங்கமோ கடன் வாங்குகிறது. வாங்கும்போதே, “இந்தப் பணத்தைச் சூரிய மின்சாரம், காற்றாலை, மெட்ரோ ரயில் மாதிரி காரியத்துக்குத்தான் செலவழிப்பேன்” என்று எழுதிக்கொடுக்கிறது. நல்ல காரியம் என்பதால் கடன் கொடுக்கிறவர்கள் வட்டியில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்கள் என்று ஒரு நப்பாசை. முதலில் நம் ஆட்கள் வெளிநாட்டுச் சந்தைக்குப் போய் டாலரில் வாங்கினார்கள். அங்கே வட்டி ஏறியதும் பலர் கையைச் சுட்டுக்கொண்டு உள்ளூர் ரூபாய்க்குத் திரும்பினார்கள். அப்புறம் மத்திய அரசே இறங்கியது. ஏலம் விட்டால் அடித்துப் பிடித்துக்கொண்டு வருவார்கள் என்று பார்த்தால், சில ஏலங்களில் ஆளே சரியாக வரவில்லை. பசுமைக்காக வட்டியை விட்டுத்தர யாருக்கும் பெரிய மனசில்லை. என் கோடு ஏறும், தொங்கும், மறுபடி ஏறும். அது ஏறினால் எனக்குச் சந்தோஷம், தொங்கினால் அன்றைக்கு மாணவர்களிடம் எரிந்து விழுவேன்.

“கிரிக்கெட் பாக்கற ஆம்பளைங்களுக்கு வாக்கப்பட்டவங்க குடுத்து வச்சவங்க. அவங்களுக்கு மேட்ச் முடியும்” என்பாள் என் மனைவி.

ஒரு தடவை வங்கி ஊழியர்களுக்கு ஒரு கூட்டம் நடந்தது. ஏற்பாடு செய்தவர்கள் அழைத்திருந்த பேச்சாளருக்கு உடம்பு சரியில்லை. கூப்பிடு தூரத்தில் நான் இருந்தேன், கூப்பிட்டார்கள். ஒன்றரை மணி நேரம் விளாசினேன். கடைசியில் ஒரு சால்வை போட்டார்கள். பச்சைக் கலர் சால்வை. அது தற்செயல்தான், கடையில் அன்றைக்கு வேறு கலர் இல்லையாம். நான் அதை விதியின் சமிக்ஞையாக எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் வரும்போது மடித்துப் பையில் வைக்காமல் தோளிலேயே போட்டுக்கொண்டு வந்தேன். மே மாதம். மண்டைக்கனத்துக்கு வியர்ப்பதில்லை போலும்.

அந்தச் சால்வை அலமாரிக்குப் போன கொஞ்ச நாளில்தான் அக்காவிடமிருந்து போன் வந்தது.

அக்காவுக்கு அனந்தபுரத்துக்கும் பனமலைக்கும் நடுவில் மூன்று ஏக்கர். மாமா போன பிறகு ஒண்டியாகச் சாகுபடி பண்ணுகிறாள். ரோட்டை ஒட்டி இரண்டு ஏக்கர் சரளை மண், மழை பெய்தால்தான் ஏதாவது விளையும். அதற்குப் பின்னால் ஏரிக்கரை ஓரமாக ஒரு ஏக்கர், கிணற்றுப் பாசனம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டால் கொழிக்கும். அந்த ஒரு ஏக்கரும் கிணறும்தான் அக்காவுக்குச் சோறு போடுவது. ரோட்டிலிருந்து கிணற்றுக்குப் போக முன் நிலத்தின் கிழக்கு ஓரமாக ஒரு வண்டிப்பாதை இருக்கிறது.

“சோலார் கம்பெனிக்காரங்க வந்துக்கினு போறாங்கடா. முன்னாடி ரெண்டு ஏக்கர குத்தகைக்கு கேக்கறாங்க. இருவத்தொம்பது வருசத்துக்கு. சும்மா கெடக்கற மண்ணுதான், குடுத்துடலாம்னு பாக்கறேன். நீ ஒருவாட்டி வந்து பாரு.”

கம்பெனியின் பெயரைக் கேட்டேன். சொன்னாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அது என் கிராஃபில் இருக்கும் கம்பெனி! முந்தின வருடம் பசுமைக் கடன் பத்திரம் வெளியிட்டிருந்தது, அதற்கு நான் தனிக் கலரில் ஒரு புள்ளி வைத்திருந்தேன். இத்தனை வருடம் கம்ப்யூட்டர் திரையில் பார்த்த ஒரு புள்ளி, என் அக்கா வீட்டு வாசலில் வந்து செருப்பைக் கழற்றுகிறது. போனை வைத்துவிட்டு மனைவியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். “அப்ப அந்தப் புள்ளியாண்ட சொல்லி ஒங்க அக்காவுக்கு நல்ல குத்தகையா வாங்கிக் குடுங்க” என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே போனேன். அக்கா என்னை நிலத்துக்கே கூட்டிக்கொண்டு போனாள். கம்பெனிக்காக நிலம் பேசுகிற தரகரும் வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு செல்போன். அக்கா வண்டிப்பாதையில் நின்றுகொண்டு அவரிடம் நேராகக் கேட்டாள்.

“எனுக்கு ஒண்ணே ஒண்ணுதான். இந்தப் பாதை எனுக்கு வேணும். இத அடைச்சீங்கன்னா நான் எங் கெணத்துக்கு எப்பிடி போறது?”

“பாதை இருக்கும்மா. அத யாரு அடைக்கப் போறாங்க?”

“வாயால சொல்லாதீங்க. எழுத்துல இருக்கணும். எந்தம்பி படிச்சுப் பாத்து சொல்லுவான், அவன் சரின்னா கையெழுத்து.”

தரகர் என்னை மரியாதையாகப் பார்த்தார். நான் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டேன்.

அக்காவுக்கு அந்தப் பாதை ஏன் அவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். அதை விட்டால் மூட்டை முடிச்சோடு கிணற்றுக்குப் போய்வர இன்னொரு வழிதான். மாமாவின் பங்காளி நிலத்துக்குள் நுழைந்து போக வேண்டும். ஒரு புளியமரத் தகராறில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்று போனது. மாமா செத்தபோது பத்து வீடு தள்ளி இருந்தும் அவர்கள் வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. அன்றைக்கு அக்கா, “இனிமே அந்த வூட்டு வாசப்படிய மிதிச்சா நான் மனுசி இல்ல” என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். பன்னிரண்டு வருடமாக அந்தத் தெரு முனையைக்கூடச் சுற்றிக்கொண்டுதான் போகிறாள்.

பஸ் ஏறும்போது அக்கா மறுபடி சொன்னாள். “பாதைய மட்டும் பாத்துக்கடா. மத்ததெல்லாம் எப்பிடியோ போவட்டும்.”

“நான் பாத்துக்கறேன்க்கா. இதெல்லாம் என் சப்ஜெக்டு” என்றேன்.

ஒப்பந்த நகலைத் தரகர் கொடுத்திருந்தார். பதினான்கு பக்கம், தமிழில். பஸ்ஸில் முதல் பக்கத்தைப் பிரித்தேன். ‘மேற்படி’ என்று ஆரம்பித்த வாக்கியம் இரண்டாம் பக்கத்துப் பாதியில்தான் முடிந்தது. எனக்குக் கொட்டாவி வந்தது. மடித்துப் பையில் வைத்தேன். வீட்டுக்குப் போனதும் அந்தக் கம்பெனியின் பசுமைக் கடன் கொள்கை ஆவணத்தை இணையத்தில் தேடி இறக்கினேன். இருநூறு பக்கத்துக்கு மேல், வழவழ இங்கிலீஷ், நடுநடுவே மேகமும் வயலும். கல்லூரி பிரின்டரில் மொத்தத்தையும் எடுத்துவிட்டேன், பேப்பர் தீர்ந்துபோய் ஆபீஸ் உதவியாளர் முறைத்தார். நான்கு நாள் பஸ்ஸில் போகவும் வரவும் மஞ்சள் பேனாவால் கோடு போட்டுப் படித்தேன். அப்படி ஒரு இன்பம். நூற்றுச் சொச்சமாவது பக்கத்தில் கிடைத்துவிட்டது: திட்டம் நடக்கும் இடத்தில் உள்ளூர் மக்கள் தங்கள் வாழ்வாதாரத்துக்குப் போய்வரும் வழிகளுக்கு எந்த இடையூறும் வராமல் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று ஒரு பத்தி. அதற்கு வெளியாள் ஒருவர் தணிக்கை செய்து கொடுத்த சான்றும் பின்னால் இருந்தது.

யுரேகா என்று கத்தாத குறை. உலகத்து முதலீட்டாளர்களிடம் கொடுத்த வாக்கு இது. இதற்கு மேல் அனந்தபுரத்துப் பதினான்கு பக்கத்தில் என்ன இருந்துவிடப் போகிறது? பெரிய காகிதம் சின்னக் காகிதத்தைக் கட்டுப்படுத்தும் என்று முடிவு கட்டிவிட்டேன். இந்த மாதிரி முடிவுக்கு வர முனைவர் பட்டம் வேண்டும். படிக்காதவர்களால் முடியாது.

அக்காவுக்குப் போன் போட்டேன். “படிச்சிட்டேன்க்கா. பாதை பத்தித் தெளிவா போட்டிருக்குது.”

“நல்லா பாத்தியா?”

“மஞ்சக் கலர்ல கோடே போட்டு வச்சிருக்கறேன்.”

“அப்ப சரி” என்றாள். அவள் குரலில் இருந்த நிம்மதி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

பதிவு நாளன்று ராகு காலம் முடியட்டும் என்று ரிஜிஸ்தர் ஆபீசுக்கு எதிரே, ஆவணம் எழுதுகிறவரின் கடையில் உட்கார்ந்திருந்தோம். பெரியவர், மேசை மேல் கார்பன் தாளும் மைப்பெட்டியும். அக்கா புதுப்புடவை கட்டியிருந்தாள். பெரியவர் சும்மா இருக்காமல், “சார் இன்னா வேலை பாக்கறீங்க?” என்று கேட்டுவிட்டார். கேட்டது அவர் தப்பு. பசுமைக் கடன் பத்திரம் என்றால் என்ன என்பதில் ஆரம்பித்து, டாலர் சந்தை, அரசு ஏலம் என்று நான் போய்க்கொண்டே இருந்தேன். எதிரில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட இடம் மாறி உட்கார்ந்தார்கள்.

“அப்ப கடனுக்கு பச்ச பெயிண்ட் அடிச்சா வட்டி கொறையும்ன்ற?” என்றாள் அக்கா.

“அப்பிடி இல்லக்கா...” என்று மறுபடி ஆரம்பித்தேன்.

பெரியவர் ஒப்பந்தத்தைக் கையில் எடுத்து வேகமாக உரக்கப் படித்தார். நான்கு எல்லை, சர்வே எண், காலம், குத்தகை. கடைசியில் எல்லா ஆவணத்திலும் வருகிற அந்த மந்திரம்: மேற்படி நிலத்தில் உள்ள மாமூல் வழிநடை, வண்டிப்பாதை, மற்றும் சகல பாத்தியங்களும் குத்தகைதாரரைச் சேர்ந்தது. எங்கள் பக்கத்தில் நிலம் விற்றாலும் வாங்கினாலும் அடமானம் வைத்தாலும் இந்த வரி வரும். கல்யாணப் பத்திரிகையில் ‘சுற்றமும் நட்பும் சூழ’ வருகிற மாதிரி. யாரும் நின்று கவனிப்பதில்லை. ஆனால் பெரியவர் நின்றார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“சார், பின்னாடி எல்லையில அம்மா நெலமே கீதுன்னு வருது. அதுக்குப் போவ வழி? இதுல எல்லா பாத்தியமும் அவங்களுக்குன்னு வருது. வண்டிப்பாதை மட்டும் அம்மாவுக்குன்னு ஒரு வரி சேத்துடலாமா? கம்பெனி ஆளு இங்கதான் கீறாரு. அஞ்சு நிமிச வேலை.”

தரகர் வாசலில் போன் பேசிக்கொண்டு நின்றிருந்தார். கூப்பிட்டால் வந்திருப்பார். அக்கா என் முகத்தைப் பார்த்தாள்.

இந்த இடத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னையே நாலு அறை அறையலாம் போல வருகிறது. ஒன்றரை மணி நேரம் பேசி முடித்த நிபுணன் நான். டைப் அடிக்கிற ஒரு பெரியவர் எனக்குச் சொல்லிக்கொடுப்பதா? “அதெல்லாம் அவங்க கொள்கை ஆவணத்துலயே இருக்குதுங்க. உலக அளவுல வாக்கு குடுத்திருக்கறாங்க. இதுல சேத்தாலும் ஒண்ணுதான், சேக்காட்டியும் ஒண்ணுதான்” என்றேன்.

“சார் சொன்னா சரி” என்று பெரியவர் பக்கத்தைத் திருப்பினார். அக்கா கையெழுத்துப் போட்டாள். கீழே, சாட்சி ஒன்று என்ற இடத்தில் நான் போட்டேன், படிப்பையும் சேர்த்து.

தை பிறந்ததும் அக்கா பின் நிலத்தில் மல்லாட்டை விதைத்தாள். கம்பெனி ஆட்கள் முன் நிலத்தைச் சமன்படுத்திக்கொண்டிருந்தார்கள், பாதை திறந்துதான் இருந்தது. மாசியில் இரும்புக் கம்பம் வந்தது. ஒருநாள் மதியம் நான் வகுப்பில் இருக்கும்போது மூன்று தடவை போன் அதிர்ந்தது. வெளியே வந்து எடுத்தேன்.

“பாதைய அடைச்சுட்டாங்கடா. ரோட்டாண்டயிருந்து சுத்தி கம்பி வலை போட்டுட்டாங்க. கேட்டா, எல்லாம் எங்க எல்லைக்குள்ளதான் வருதுன்றாங்க. எம் பயிரு உள்ள கீது. நீ ஜல்தி வாடா.”

மறுநாள் லீவு போட்டேன். அந்த இருநூறு பக்கத்தையும் ஸ்பைரல் பைண்டிங் செய்து எடுத்துப் போனேன். போருக்குப் போகிறவன் கத்தியைத் தீட்டுவான், நான் பைண்டிங் போட்டேன். வேலியோரம் ஒரு தகரக் கொட்டகையில் சைட் மேற்பார்வையாளர் இருந்தார். முப்பது வயதிருக்கும், ரொம்பப் பணிவானவர். எனக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்து, நாற்காலி போட்டார். மஞ்சள் கோடு போட்ட பக்கத்தைப் பிரித்து நீட்டினேன். அவர் நிதானமாகப் படித்தார். படித்துவிட்டு, “ரொம்ப நல்லா எழுதியிருக்காங்க சார். நம்ம கம்பெனியா இது? நான் பார்த்ததே இல்லை” என்றார்.

“இதும்படி நீங்க பாதைய விடணும்.”

“எனக்குக் கொடுத்தது இது சார்” என்று அவர் ஒரு கோப்பைத் திறந்தார். அக்காவின் ஒப்பந்தம். கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில் விரலை வைத்தார். வழிநடை, வண்டிப்பாதை, சகல பாத்தியங்களும். பிறகு தயங்கித் தயங்கிப் பக்கத்தைத் திருப்பி, “சாட்சி... இது நீங்கதானே சார்?” என்றார். கையெழுத்துக்குக் கீழே எம்.காம்., எம்.பில்., பிஎச்.டி. என்று இருந்தது.

அக்கா எனக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள். அவள் எட்டிப் பார்க்கவில்லை. “இன்னாவாம்டா?” என்று மட்டும் கேட்டாள். “நான் அத படிக்கலக்கா. வேற ஒண்ணத்தான் படிச்சேன்” என்றேன்.

திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கொஞ்ச நேரம் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தாள். “சரி, வெயில்ல நிக்காத, வா. கேப்பக் கூழு கீது, குடிச்சிட்டுப் போவ” என்றாள்.

அப்புறம் நான் சும்மா இருந்தேனா? இருக்கவில்லை. கொள்கை ஆவணத்தில் புகார் சொல்ல ஒரு ஈமெயில் முகவரி இருந்தது. நாலு பக்கம் எழுதினேன், அடிக்குறிப்புகளோடு. உடனே பதில் வந்தது, மெஷின் அனுப்பியது. மூன்று வாரம் கழித்து மனிதப் பதில் வந்தது. தங்கள் பசுமைக் கடன் பத்திரங்களில் நான் காட்டும் ஆர்வத்துக்கு நன்றி சொல்லி, அந்த வருடத்துத் தாக்க அறிக்கையை இணைத்திருந்தார்கள். எவ்வளவு கரிப்புகை குறைந்தது, நிலம் கொடுத்ததால் எத்தனை குடும்பங்கள் பயன்பெற்றன என்று அழகழகான படங்கள். அந்தக் குடும்பக் கணக்கில் அக்காவும் ஒன்று. சாதாரணமாக அந்த எண்ணை எடுத்து என் அட்டவணையில் போட்டிருப்பேன். அன்றைக்கு லேப்டாப்பை மூடிவிட்டேன். தரகரின் இரண்டு செல்போனும் அடித்துக்கொண்டே இருந்தன, எடுக்க ஆளில்லை. வக்கீல் ஒருவரைப் பார்த்தேன். கேஸ் போடலாம், ஆனால் மல்லாட்டை அதுவரைக்கும் காத்திருக்காது என்றார்.

அதற்குள் அக்கா தினமும் ஏரிக்கரைமேல் ஏறி, முள்ளுக்குள் குனிந்து நுழைந்து, கிணற்றுக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு ஆள் கையை வீசாமல் போகலாம், அவ்வளவுதான் இடம். கை முழுக்கக் கீறல். மோட்டார் போட்டுத் தண்ணீர் பாய்ச்சினாள், களை எடுத்தாள். பயிர் எவனுக்கும் வஞ்சனை பண்ணாமல் காய்த்திருந்தது. பங்குனிக் கடைசியில் பிடுங்க வேண்டும். பிடுங்கிக் காய் ஆய்கிற பெண்களும் மூட்டையும் அந்த முள் சந்தில் போக முடியாது. மிச்சமிருந்த வழி பங்காளி நிலம்தான்.

நான் போயிருந்த அன்று வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கோடை மழை ஒன்று ஓங்கிப் பெய்தால் காய் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். அக்கா வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தாள். உள்ளே போய் முகம் கழுவி, புடவையை உதறிக் கட்டிக்கொண்டு வந்தாள்.

“எங்கக்கா?”

“அவங்க வூட்டுக்கு.”

“நான் போறேன்க்கா. தப்பு என்னுது. நான் போய்க் கால்ல விழுந்தாவது கேக்கறேன்.”

“நீ வராத. நீ வந்தா அங்கயும் எதுனா விளக்கிக்கினு நிப்ப” என்றாள். சொல்லும்போது லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு நான் அழுதிருக்க வேண்டும். தெரு முனை வரைக்கும் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பன்னிரண்டு வருடமாகச் சுற்றிப் போன முனையில் அவள் சுற்றாமல் நேராகத் திரும்பினாள்.

முக்கால் மணி நேரம் ஆனது. திரும்பி வந்தவள் தண்ணீர் கேட்டாள். குடித்தாள். “விட்டுட்டாங்க. இந்த வெள்ளாமைக்கு மட்டும் எடுத்துக்கினு போவட்டும்னாரு. அடுத்த போகத்துக்கு மறுபடி கேக்கணும்” என்றாள். அங்கே என்ன நடந்தது, என்ன சொன்னாள், நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு யோக்கியதை இருப்பதாகத் தோன்றவில்லை. இருபத்தொன்பது வருடம், வருடத்துக்கு எத்தனை போகம் என்று மட்டும் மனசு தன்பாட்டுக்குப் பெருக்கிப் பார்த்தது.

மறுநாள் காலையிலேயே ஆறு பெண்கள் வந்துவிட்டார்கள். மழை எப்படியோ தள்ளிப்போனது. பிடுங்கிப் போடப் போட ஆய்ந்துகொண்டே வந்தார்கள். மதியத்துக்குள் பச்சைக் காய் மூட்டை பிடிக்க ஆரம்பித்தோம். எனக்குத் தெரிந்த ஒரே உபயோகமான வேலை தலையில் மூட்டை தூக்குவது, அதுவும் அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டு தடவை வரப்பில் வழுக்கினேன். “சார், கிராப்பு கலையப் போவுது” என்று பெண்கள் சிரித்தார்கள். மூன்றாவது மூட்டையோடு பங்காளி நிலத்தின் வரப்பில் நடந்து வந்தேன். அக்கா எனக்குப் பத்தடி பின்னால் ஒரு கூடையோடு வந்துகொண்டிருந்தாள்.

வரப்பு முடிகிற இடத்தில் அந்த வீட்டு அம்மா நின்றிருந்தார், அக்காவுக்கு ஓரகத்தி முறை. கையில் ஒரு சொம்பு மோர். நான் நின்றேன். மூட்டையை இறக்கினால் திரும்பத் தூக்க ஆள் இல்லை, அதனால் தலையிலேயே வைத்துக்கொண்டு ஒரு கையால் சொம்பை வாங்கினேன்.

“எல்லாத்தையும் சொன்னாங்க ஒங்க அக்கா. எங்க வூட்டு வாசல்ல நின்னு, அத்தினி பேருக்கும் எதுருல சொன்னாங்க. ஒங்ககிட்ட அந்த அக்ரிமெண்ட்ட காட்டவே இல்லியாமே? தம்பி வர்றதுக்குள்ள அவசரப்பட்டு கையெழுத்து போட்டுட்டேன், எம்மேலதான் தப்புன்னாங்க. இத்தினி படிச்ச தம்பிய கூடவே வச்சுக்கினு, ஒரு வார்த்த கேக்காம போட்டிருக்கறாங்க பாருங்க.”

நான் திரும்பிப் பார்த்தேன். அக்கா கீழே வரப்பைப் பார்த்தபடி கூடையோடு நடந்து வந்துகொண்டிருந்தாள். எங்கள் பேச்சு காதில் விழுகிற தூரம்தான். நிமிரவில்லை.

“நீங்க ஒருவாட்டி படிச்சுப் பாத்திருந்தா இப்பிடி ஆயிருக்குமா சார்?” என்றார் அந்த அம்மா.

மூட்டை கழுத்தை அழுத்தியது. மோரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தேன்.

“ஆயிருக்காதுங்க” என்றேன்.